பதினான்காம் பக்கம்

நகராட்சி கொடுத்த பணம் நாற்பது பக்கத்துக்கு.
அதில் எட்டைக் கேட்டார்கள் சால்மன் பண்ணைக்காரர்கள்,
வழவழவென்று, நடுவில், மடித்து விரிக்கும்படி.
யாஸ்னா மூன்று என்றாள். நான்கில் முடிந்தது.
மீதி முப்பத்தாறில்
சிலோவே தீவுகள் மொத்தத்தையும் ஏற்ற வேண்டும்,
மழையோடு.

மழைதான் முதல் சண்டை.
சுற்றுலா அதிகாரி அட்டைக்கு நீல வானம் கேட்டார்.
எலியேசர் ஒன்பது நாள் கேமராவோடு அலைந்து
பதினொரு நிமிட வெயில் கொண்டுவந்தான்.
அதிலும் ஒரு நாய் குறுக்கே ஓடியிருந்தது.
நாயையே அட்டையில் போட்டோம்.

தலையங்கம் யாஸ்னா எழுதினாள்:
'எங்கள் மக்கள் அன்பானவர்கள்.'
அடித்தேன்.
'எங்கள் மக்கள் உழைப்பாளிகள்.'
அதையும்.
சொல்லிவைத்த நேரத்துக்கு வராதவர்கள்,
கடன் கேட்டால் காது கேளாதவர்கள்,
அடுத்தவன் வீட்டை அப்படியே பெயர்த்து
காளை பூட்டி இழுத்து
வேறு கரையில் வைத்துக் கொடுத்துவிட்டு
கூலி வாங்காமல் சாப்பாடு மட்டும் கேட்பவர்கள்
என்று எந்த ஊர்ப் பத்திரிகை எழுதியிருக்கிறது?
எழுதினோம். மூன்றாம் பக்கம்.

கடற்பாசி அள்ளும் உபெர்லிந்தா நௌதோவிடம்
ஒரு படம் கேட்டோம்.
முழங்கால் தண்ணீரில் நின்றபடி
'இதை விற்பீர்களா?' என்றாள்.
இலவசம்தான் என்றோம்.
'அப்படியானால் என் முகமும் இலவசமா?'

எங்கள் மூவரிடமும் பதில் இல்லை.
இரண்டு கூடைப் பாசியைக் கரை சேர்த்தோம்.
பிறகு நின்றாள். சிரிக்கவில்லை.
படத்தின் கீழே
கிலோவுக்கு அவள் கையில் விழும் காசை அச்சிட்டோம்.
'இது சுற்றுலாத் தகவலா?' என்றார் அதிகாரி.
வருகிறவர்களுக்குத் தெரியட்டுமே என்றாள் யாஸ்னா,
அவரைப் பார்க்காமல்.

பிழை பார்ப்பது என் பிழைப்பு.
விறகடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
நாற்பது பக்கத்தையும் நான்கு முறை படித்தேன்.
உருளைக்கிழங்கு வகைகளின் பெயர்களில்
ஒரு புள்ளி பிசகவில்லை.
பதினான்காம் பக்கத்தில் மட்டும்,
படகு அட்டவணையில்,
ஒரு வரி ஒரு படி கீழே இறங்கிவிட்டது.

புவெர்த்தோ மொன்ட்டில் அச்சாகி
கால்வாய் தாண்டி வந்தன இரண்டாயிரம் பிரதிகள்.
மேல்கட்டு நனைந்திருந்தது.
அதைப் பிரித்து அடுப்பைச் சுற்றிக் காயவைத்தோம்,
நாய் கொஞ்சம் உப்பிப்போனது.

ஜனவரியில் சாந்தியாகோவிலிருந்து வந்த ஐந்து பேர்
மரத் தேவாலயம் பார்க்கவென்று படகேறி
யாவ்கோவில் இறங்கினார்கள்.
யாவ்கோவில் தேவாலயம் இல்லை.
விடுதி இல்லை. கடை வியாழன் மட்டும்.
இருப்பது பதினேழு வீடு.
அடுத்த படகு நாளை மறுநாள்.
எங்கள் இதழில் யாவ்கோ பற்றி ஒரு சொல்லும் இல்லை.
இடம் போதவில்லை என்றுதான்
அப்போது சொல்லிக்கொண்டோம்.

அடுத்த வாரம் தபாலில் ஒரு பில் வந்தது.
அனுப்பியவர் ரோசமெல் வெரா, யாவ்கோ ஊர்க்குழு.
முப்பது சாப்பாடு.
நான்கு சுமை விறகு.
ஐந்து ஜோடி கம்பளிக் காலுறை, திரும்பி வரவில்லை.
கீழே ஒரு குறிப்பு:
ஒரு குடையை விட்டுப் போயிருக்கிறார்கள்.
இங்கே யாருக்கும் அதைப் பிடித்துப் பழக்கமில்லை.
எங்கே அனுப்ப?

போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.
ஆட்டுக்கறி போட்டதாக அந்த ஐவரும் சொன்னார்களே,
பில்லில் ஆடு இல்லையே என்றேன்.
'அதை நாங்களும்தானே தின்றோம்' என்றார்.
பிறகு சற்று நேரம் காற்று மட்டும் கேட்டது.
'அடுத்த தடவை முன்னாலேயே சொல்லுங்கள்.
ரொட்டி பற்றவில்லை.'

பில்லைக் கட்டப் பணம் இல்லை.
பக்கம் இருந்தது.
இரண்டாம் இதழின் பதினான்காம் பக்கம்
யாவ்கோவுக்கு, அவர்கள் எழுதுவது அப்படியே,
நான் பேனா வைக்க மாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஏழு வாரமாகக் கூட்டம் நடக்கிறது அங்கே.
தங்களைப் பற்றி என்ன சொல்வதென்று
பதினேழு வீடும் இன்னும் ஒத்துப்போகவில்லையாம்.
குடையைப் பற்றி எழுத வேண்டுமா என்பதிலும்
இரண்டு கட்சி.

அச்சகக்காரர் தினமும் கூப்பிடுகிறார்.
மழை பெய்கிறது, எடுக்கவில்லை.